காதர் பாய் கழற்றிய பூஸ்டர்

கண்ணு,

முதல் பத்திரிகையைக் காதர் பாய்க்கு வைத்துவிட்டேன். குலதெய்வத்துக்கே இரண்டாவதுதான். போனில் நீ சொன்னது மொத்தம் மூன்று வாக்கியம்: "பத்திரிகை பார்சல்ல வருது. மொதப் பத்திரிகை காதர் பாய்க்கு. நீங்களே போயி வெய்யுங்க." அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. பதிமூன்று வருஷமாக நீ என்னோடு பேசுவது தந்தி அடிக்கிற மாதிரிதான். வந்தேன், சாப்பிட்டேன், கிளம்புகிறேன். உன் அம்மா இருந்தவரை நடுவில் நின்று அதையே இரண்டு பக்கமும் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் போனபிறகு நமக்குள் மிஞ்சியது உன் மூன்று வாக்கியங்கள்தான். நான் அப்படி இல்லை. முப்பது வருஷம் எஸ்டேட் ஆபீஸில் ரைட்டராகச் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேடு எழுதின கை, எழுத ஆரம்பித்தால் லேசில் நிற்காது. நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. பெண் வீட்டார் முன்னால் படிக்காதே. படித்து முடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாமனார் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டே மலையேறி வரட்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு சேலம் ஹாஸ்டலுக்குப் போனாய். அதற்கு ஒரு வருஷம் முன்பு வரை மோர்ஸ் தட்டிப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை, என்னைப் போல வீட்டு ரேடியோவிலிருந்து ஊர் ஊராகப் பேசுவதற்கான ஹாம் லைசென்ஸ் பரீட்சைக்குப் பணம் கட்டின பிள்ளை, பரீட்சை நாளன்று தலைவலி என்று படுத்துக்கொண்டாய். அதன்பிறகு என் ரேடியோ அறைக்குள் நீ கால் வைத்ததில்லை. நான் யாரை எல்லாம் குற்றம் சொன்னேன் தெரியுமா? உன் கூட்டாளிகளை, ஹாஸ்டலை, செல்லம் கொடுத்தாள் என்று உன் அம்மாவை. உன் மனசு திரும்புவதற்காகச் சேலம் போய் ஒரு ஜோசியரைக்கூடப் பார்த்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் ஊரெல்லாம் தேடினேன்.

அந்த டிஸ்பிளேயிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரேடியோ செட்டை நானே கட்டினேன் என்பதில் எனக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பெருமை அதன் தலையில் பொருத்திய அந்தச் சின்னப் பெட்டி. அதற்கு முன்னால் டயலில் முள் நிற்கிற இடத்தைப் பார்த்து, இந்த அலைவரிசையில் இருக்கிறேன் என்று உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். டிஸ்பிளே வந்தபிறகு சிவப்பு எண்களில் துல்லியமாகத் தெரிந்தது. சேலத்தில் பழைய சாமான் கடைகளில் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி எட்டு மாசம் உட்கார்ந்து செய்தேன். செய்து முடித்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கி, சேலத்து ஹாம் நண்பர்களிடம் காட்டிவிட்டு வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் உன்னைக்கூட அப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்று உன் அம்மா கேலி செய்தாள்.

அது மாட்டிய அடுத்த வாரமே அந்த விசில் வந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு நாங்கள் பத்துப் பதினைந்து பேர், ஒவ்வொரு ஊரிலிருந்தும், ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவோமே, சரியாக அந்த இடத்தில். மெல்லிய, நிற்காத, ஒரே சுருதியில் ஒரு கூவல். எதிர் ஆள் பேசுவது அதற்கு அடியில் நசுங்கியது. இப்படி ஒரு சத்தம் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் எல்லாருக்கும் பாடம் எடுப்பேன்: ஏரியல் வயரைக் கழற்று. கழற்றியும் சத்தம் இருந்தால் அது உன் செட்டுக்குள்ளேயே பிறக்கிறது. நின்றுவிட்டால் வெளியிலிருந்து வருகிறது. கழற்றினேன். விசில் நின்றது. ஆக வெளியிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எஸ்டேட் கேட் பக்கத்தில் காதர் பாய் கடைக் கூரைக்குமேல் புதுசாக ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியில் டி.வி. ஆன்டெனா, ஆன்டெனாவில் பூஸ்டர். தூரத்திலிருந்து மங்கலாக வருகிற டி.வி. அலையைப் பெரிதாக்குகிற டப்பா அது. மட்டமான பூஸ்டர்கள் தானாகவே ஊளையிட்டு, சுற்றுவட்டாரத்து ரேடியோவை எல்லாம் கெடுக்கும். அது பொய்யில்லை, நானே இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

உன் அம்மாவுக்கு வந்தது. இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, அவரு பூஸ்டரு போட்ட அதே மாசந்தான நீங்களும் புதுசா ஒரு பொட்டி மாட்டுனீங்க. ஒருக்கா அதையுந்தான் பாருங்களே." நான் சிரித்தேன். "ரேடியோவப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றேன். அவள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னிடம் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பாள், இரண்டாம் தரம் சொல்ல மாட்டாள், அது அவள் பழக்கம். அந்தப் பழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

பாயிடம் போனேன். கடைக்குப் பின்னறையில் பாய் சம்சாரம் ஜைத்தூன் அக்கா கட்டிலில் படுத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நீ ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க அந்தக் கட்டில் ஓரத்தில்தான் உட்காருவாய். அந்த டி.வி.யே அவருக்காக வாங்கினதுதான். எனக்கும் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "ரைட்டரய்யா, அவளுக்கு அதொண்ணுதானுங்க பொழுது. உங்குளுக்குத் தொந்தரவுன்னா காலைல ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணி வெச்சிக்கறனுங்க" என்றார். நியாயமான பேச்சு. மறுநாள் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். விசில் அப்படியே இருந்தது. பாய் அணைக்கவில்லை, என்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் கூவல் நிற்காமல் போனதும் எஸ்டேட் ஆபீஸ் தாளில் நானே ஒரு நோட்டீஸ் எழுதினேன். கடைக் கட்டடம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். பூஸ்டரைக் கழற்றாவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும். மேனேஜர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ரைட்டர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பாய் அன்றைக்கே ஏணி வைத்துக் கழற்றிவிட்டார். டி.வி.யில் படம் போய், உப்புக் கொட்டின மாதிரி வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சியது. விசில் போகவில்லை. அப்போதாவது என் புத்திக்கு எட்டியிருக்க வேண்டாமா? பாய் பூஸ்டரைப் பரண்மேல் ஒளித்துவைத்து ஓட்டுகிறார் என்று சொன்னேன். அடுத்த வாரம் காற்றில் சில்வர் ஓக் மரம் விழுந்து லைன் அறுந்து, நம் பக்கம் மூன்று நாள் கரண்ட் இல்லை. நம் செட்டு கார் பேட்டரியில் ஓடுவதால் நான் வழக்கம்போல் உட்கார்ந்தேன். ஊரே இருட்டில் கிடக்க, விசில் மட்டும் ஜம்மென்று வந்தது. "பாய் பேட்டரி வாங்கிட்டாரு போல" என்று சொன்னேன் பார், அதை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது. நீ அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாய். "அப்பா, இங்க வாங்க." ரேடியோ அறையில் டிஸ்பிளேயின் சுவிட்சில் உன் விரல் இருந்தது. அணைத்தாய், சிவப்பு எண் அணைந்தது, விசில் நின்றது. போட்டாய், எண் வந்தது, விசிலும் வந்தது. மூன்று தரம் செய்து காட்டினாய். கையில் துண்டோடு நின்ற எனக்கு அந்த நிமிஷத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. டிஸ்பிளேக்குள் துடிக்கிற கிரிஸ்டலின் அதிர்வெண்ணுடைய மடங்கு ஒன்று சரியாக எங்கள் காலை இடத்தில் வந்து விழுகிறது. ஜன்னலிலிருந்து இறங்கும் ஏரியல் வயர் அந்தப் பெட்டியை உரசிக்கொண்டுதான் செட்டுக்குள் போகிறது. என் பெட்டி கக்கியதை என் வயரே வாங்கி, வெளியிலிருந்து வந்தது மாதிரி என் காதுக்குக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறது. அதனால்தான் வயரைக் கழற்றியதும் நின்றது. நான் கழற்றிப் பார்த்தது சரிதான். ஆனால் அணைத்துப் பார்க்க வேண்டியதை அணைக்கவில்லை. எட்டு மாசம் உட்கார்ந்து செய்த பொருளை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் முகத்தில் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷம் மட்டும் இல்லை, தீர்ந்தது பிரச்சினை என்கிற சந்தோஷம். "பாய்கிட்டப் போயிச் சொல்லிருலாமுங்கப்பா. பூஸ்டர மறுபடி மாட்டிக்கட்டும். அக்காவுக்குப் பொழுதே போவுலீங்க" என்றாய். ஒரு பதினேழு வயசுப் பையன் பெருமைப்படுகிற மாதிரி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போய்க் கதவைச் சாத்தினேன். "ஆபீஸ் தாள்ல எழுதிக் குடுத்திருக்கேன். இப்பப் போயி நம்ம பொட்டிதான்னு சொன்னா மேனேஜர் முன்னால என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது? நேரம் பாத்து நானே போயிச் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத" என்றேன். நீ "சரிங்க" என்றாய். அந்தச் "சரிங்க"வுக்குப் பிறகு என்னிடம் நீ நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு மணி நேர வேலை. காலி பிஸ்கட் தகர டின் ஒன்றை வெட்டி டிஸ்பிளேயைச் சுற்றி மூடினேன், ஏரியல் வயரை அடுத்த சுவர் வழியாக இறக்கினேன், விசில் ஒழிந்தது. அந்த டின்னும் பாய் கடையில் வாங்கினதுதான். மறுநாள் காலைப் பேச்சில் நண்பர்கள் கேட்டபோது, "கடைக்காரர் பூஸ்டரை எடுத்துட்டாருங்க, இப்ப சுத்தமா இருக்கு" என்றேன். நீ பக்கத்து அறையில் இருந்தாய். கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும் என்று குரலை இறக்காமலே பேசினேன். அது ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தப்புச் செய்தவனுக்குச் சாட்சிமேல் ஒரு எரிச்சல் வரும் போலிருக்கிறது.

நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேனே, அந்த நேரம் வரவே இல்லை. காப்பிப் பழம் பறிக்கிற நாள் வந்தது, மிளகு வந்தது, மேனேஜர் மாறினார். புது மேனேஜர் வந்ததும் சொல்லியிருக்கலாம், அவருக்கு அந்த நோட்டீஸே தெரியாது. சொல்லவில்லை. ஏழு மாசத்தில் ஜைத்தூன் அக்கா இறந்துபோனார். எஸ்டேட் ஜீப்பை நான்தான் ஏற்பாடு செய்து கொடுத்தேன், கூட நின்றேன், பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். நீ சாப்பிடவில்லை. பையனுக்கு என்ன இவ்வளவு துக்கம், சொந்தமா பந்தமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் இப்போதுதான் தெரிகிறது. நீ அவளிடமும் சொல்லியிருக்கிறாய்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்லாமல் விடப் போவதில்லை. வீட்டில் ஏதாவது ஓயாமல் கூவ ஆரம்பித்தால், அவள்தான் காரணம் என்று உனக்கு நிச்சயமாகத் தெரிந்தால், அந்த நிச்சயத்தை நம்பாதே. உன்னிடம் உனக்கே பிடிக்காததை எல்லாம் நீ தானாகவே சோதித்துப் பார்ப்பாய், அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு ரொம்பப் பெருமையாக இருப்பது எதுவோ அதை முதலில் அணைத்துப் பார். அவள் ஒரு தரம் சொல்லும்போதே கேட்டுக்கொள். இரண்டாம் தரம் சொல்லாத பெண்ணோடு முப்பது வருஷம் வாழ்ந்தவன் சொல்கிறேன், அந்த அமைதியை நிம்மதி என்று நினைத்துவிடாதே.

இனி நேற்று நடந்தது. பாய் இப்போது எஸ்டேட் கேட்டில் இல்லை, ஏற்காடு பஜாரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கடை. தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துப் பத்திரிகையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணாடி போட்டு உன் பெயரைத் தடவிப் பார்த்தார். "தம்பி மொதப் பத்திரிகை நமக்கா அனுப்பிச்சிருக்காப்ல? நொம்ப சந்தோசமுங்க" என்றார். டீ வந்தது. குடித்தேன். மழை, மிளகு விலை, முழங்கால் வலி என்று பேசினோம். பேச்சு தீர்ந்தபிறகும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஏதாச்சுஞ் சொல்லோணுமுங்களா, ரைட்டரய்யா?" என்று கேட்டார். "இல்லீங்க, வர்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ரோட்டைத் தாண்டி நின்றேன். மஞ்சக்குட்டை பஸ் வந்தது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். ஏறவில்லை. தைரியம் வந்ததால் இல்லை, கண்ணு. ஏறி உட்கார்ந்தால் வீட்டுக்குப் போய் உனக்குப் போன் செய்ய வேண்டும், "வெச்சிட்டீங்களா?" என்று நீ கேட்பாய், வைத்துவிட்டேன் என்று நான் சொல்வேன், நீ போனை வைத்துவிடுவாய். அதோடு நம் பேச்சு முடிந்துவிடும் என்று தோன்றியது. திரும்ப நடந்தேன். கடையில் இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் மறுபடி ஓடிவிடுவேன் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். "பாய், அன்னைக்கு அந்தச் சத்தம் உங்க பூஸ்டர்ல இருந்து வருலீங்க. என் பொட்டியில இருந்துதான். எனக்கு அப்பவே தெரியுமுங்க."

அவர் பொட்டலத்தைக் கட்டி முடித்து, அந்த இருவரையும் அனுப்பிவிட்டு, எனக்கு ஸ்டூலைப் போட்டார். "தெரியுமுங்க" என்றார். "தம்பி அன்னைக்கே வந்து சொல்லிட்டாப்ல."

"பொறகு ஏனுங்க பூஸ்டர மறுபடி மாட்டுல? மேனேஜர்கிட்டப் போயிருக்கலாமே?" என்றேன்.

"போயிருக்கலாமுங்க. தம்பிதான் வேண்டான்னாப்ல. அப்பா தானே வந்து சொல்றேன்னிருக்காரு, அதுக்கு முன்னால நீங்க மாட்டிப்போட்டா அப்பாவுக்குச் சொல்றதுக்கு வழியில்லாமப் போயிரும், ரண்டு நாளு பொறுத்துக்கங்க, அப்பா கண்டிப்பா வருவாருன்னாப்ல. கட்டில்ல கெடந்த அவகிட்டயுஞ் சொன்னாப்ல. அவளும் சரின்னுட்டா. தம்பி பேச்சுன்னா அவளுக்கு அப்பிடி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "சாயங்காலமானாக் கேப்பாளுங்க, 'ரைட்டரு வந்தாரா'ன்னு. கடைசி வரைக்குங் கேட்டுட்டுத்தான் இருந்தா" என்றார்.

கண்ணு, இத்தனை வருஷம் நீ பேசாமல் இருந்ததை நான் வெறுப்பு என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. வெறுக்கிற பிள்ளையைத் திருப்பி வெறுக்கலாம். நீ வெறுக்கவில்லை. "கண்டிப்பா வருவாரு" என்று எனக்காக ஒரு வீட்டில் ஜாமீன் கொடுத்துவிட்டு, நான் போவேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அந்த ஏழு மாசமும் அவர்கள் வாசலைத் தாண்டி எப்படிப் பள்ளிக்கூடம் போனாயோ தெரியவில்லை. இப்போதும் நானாகப் போகவில்லை, நீ பத்திரிகை கொடுத்து அனுப்பியதால் போனேன். அது உனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுத வரவில்லை. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் இப்போது உயிரோடு இல்லை.

காதர் பாய் கல்யாணத்துக்கு வருகிறார். இது உன் கைக்குச் சேர்ந்திருக்கும் என்று நாள் கணக்குப் பார்த்து உனக்குப் போன் செய்வேன். "வெச்சிட்டீங்களா?" என்று கேட்காதே. "ரைட்டரு வந்தாரா?" என்று கேள். வந்தார் சாமி, பதிமூன்று வருஷம் கழித்து.

உன் அப்பா